குடியுரிமை துறத்தல்

நாடு தன் மக்களுக்கு வழங்கும் உரிமைகள் பலவற்றிற்கும் அடிப்படையாய் விளங்குவது குடியுரிமை. பிற நாட்டில் நிலைத்து வாழ விரும்புவோர் சிலர் அதனைத் தாமே துறப்பதுண்டு. நம் நாட்டில் அதற்குரிய முறையை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகின்றது.

வயது நிரம்பியவரும் தெளிந்த மனநிலை உடையவருமான குடிமக்கள் எவரும் தம் குடியுரிமையைத் துறப்பதாக அறிவிக்கலாம். அவ்வறிவிப்பை உரிய அதிகாரி பதிவு செய்ததும் அவர் இந்தியக் குடிமகனாக இருத்தல் ஒழியும். ஆயின், நாடு போரில் ஈடுபட்டிருக்குங்கால், மத்திய அரசு பணித்தாலன்றி அப்பதிவு நிகழாது.

துறந்தவர் இழப்பன யாவை? தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும், சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ போட்டியிடும் உரிமையும் நீங்கும். பேச்சுரிமை, நாட்டில் எங்கும் உறையும் உரிமை முதலியவற்றை அளிக்கும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கே உரியது. எனினும், அவர் காப்பு அனைத்தையும் இழந்தவர் ஆகார். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 14ஆம் பிரிவும், உயிரைக் காக்கும் 21ஆம் பிரிவும் இந்நாட்டிலுள்ள அயலார்க்கும் பொருந்தும்.

துறவின் விளைவு துறந்தவரோடு நிற்பதன்று. அவருடைய வயது நிரம்பாத மக்களும் உடனே குடியுரிமையை இழப்பர். தாம் செய்யாத முடிவின் பயனை இளஞ்சிறார் என்றும் சுமத்தல் முறையாகுமோ? ஆகாது என்று கருதியே சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. அவர்கள் 18 வயது நிரம்பியபின் ஓராண்டிற்குள், மீண்டும் இந்தியக் குடிமக்களாக விரும்புவதாக அறிவிப்பின், இழந்ததைப் பெறுவர். அவ்வோராண்டு கழியின் அவ்வாயில் அடைபடும். ஆதலின், குடியுரிமையைத் துறக்க எண்ணும் பெற்றோர், தம் நலத்தோடு தம் மக்களின் எதிர்காலத்தையும் ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.