வழக்கறிஞர் இல்லாத இடத்தில் குடும்பம்
அமெரிக்கக் குடிவரவுத் தடுப்புக்காவலும் அதன் வாசலில் நிற்போரும்

நாடுகடத்தல் என்பது குற்றத்துக்கான தண்டனை அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-ஆம் ஆண்டு ஃபாங் யூ டிங் வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் வோங் விங் வழக்கில், உரிய அனுமதியின்றித் தங்கிய ஒருவருக்குக் கடுங்காவல் விதிக்க வேண்டுமானால் முறையான குற்ற விசாரணை நடந்தாக வேண்டும் என்றும், வெளியேற்றுவதற்கான ஏற்பாடுகள் முடியும்வரை அவரை அடைத்துவைப்பது மட்டும் தண்டனையாகாது என்றும் அதே நீதிமன்றம் எல்லை வகுத்தது. அந்த எல்லைக்கோட்டின் மீதுதான் இன்றைய குடிவரவுத் தடுப்புக்காவல், அதாவது நாட்டில் தங்கும் உரிமை முடிவாகும்வரை அல்லது வெளியேற்றப்படும்வரை ஒருவரை அடைத்துவைக்கும் ஏற்பாடு, முழுவதுமாக நிற்கிறது. கம்பிவேலி, சீருடை, தலைக்கணக்கு, கைவிலங்கு எல்லாம் இருந்தும் சட்டத்தின் கண்ணில் அது உரிமையியல் நடவடிக்கையே. 2003-இல் செயல்படத் தொடங்கிய, ‘ஐஸ்’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் குடிவரவு மற்றும் சுங்க அமலாக்க முகமை இந்த ஏற்பாட்டை நடத்துகிறது. அடைக்கப்பட்டோரின் எண்ணிக்கை 2025 ஆகஸ்டில் 60,000-ஐக் கடந்தது.

தண்டனை அன்று என்னும் இந்தச் சொல் கேட்பதற்குக் கருணை போலத் தோன்றினாலும், அடைக்கப்பட்டவரிடமிருந்து அது பறிப்பதே மிகுதி. திருட்டு வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசு தன் செலவில் வழக்கறிஞரை அமர்த்தியாக வேண்டும். குடிவரவு நீதிமன்றத்தில் நிற்பவரோ, வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. 2007 முதல் 2012 வரை முடிவான 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்து இங்கிரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் ஆகிய இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தடுப்பில் இருந்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கே வழக்கறிஞர் இருந்தார். நியூயார்க் நகரம் 2013-இல் தொடங்கிய பொதுச்செலவு வழக்கறிஞர் திட்டம் போன்ற சில முயற்சிகள் உண்டெனினும், பெரும்பாலான இடங்களில் அந்த வெற்றிடத்தை நிரப்புபவர்கள் மனைவியும் மகளும் அண்ணனும் ஊர்க்காரருமே. உறவினரைப் பார்க்கப் போவதை ஆறுதல் சொல்லும் கடமையாக மட்டும் கருதுவது, ஆகையால், பெரும் பிழை. அடைக்கப்பட்டவரின் வழக்கை உயிரோடு வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

முதல் வேலை, ஆளைக் கண்டுபிடிப்பது. கைது செய்யப்பட்டவர் ஓர் ஊரில் பிடிபட்டு, மறுநாள் வேறொரு மாநிலத்தில் இருப்பது இயல்பான நிகழ்வாகிவிட்டது. லூயிசியானா, டெக்சாஸ் மாநிலங்களின் ஒதுக்குப்புறமான காவல் இல்லங்களுக்குப் பலர் கொண்டுபோகப்படுகின்றனர். இணையத்தில் உள்ள ஐஸ் தேடுதளத்தில் அயலவர் பதிவெண்ணையும் பிறந்த நாட்டையும் இட்டால் இருப்பிடம் தெரியவரும். ‘ஏ’ என்னும் எழுத்தோடு தொடங்கும் இந்த எண்தான் அந்த மனிதரின் கோப்பு, நீதிமன்ற நாள், பிணை ஆகிய அனைத்துக்கும் திறவுகோல் என்பதால், அபாயம் நேரும் முன்பே குடும்பத்தார் அதை எழுதி வைத்திருப்பது நலம். எண் இல்லாவிட்டால் பெயரைக் கொண்டு தேடலாம். ஆனால் பதிவேட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் அப்படியே பொருந்த வேண்டும். தந்தை பெயரையே குடும்பப் பெயராகவும், முதலெழுத்தை விரித்தும் சுருக்கியும் எழுதும் தமிழர்கள், பெயரின் பகுதிகளை முன்பின்னாக மாற்றிப் பலமுறை தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். உறவினர் என்பதற்காக மட்டும் அதிகாரிகள் கோப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். தம்மைப் பற்றிய செய்தியை இன்னாரிடம் தெரிவிக்கலாம் என்று அடைக்கப்பட்டவரே கையொப்பமிடும் இசைவுப் படிவம் அதற்கு வேண்டும்.

அடுத்தது பயணம். ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில், அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய 225 கிலோமீட்டர் தொலைவில், கோர்சிவிக் என்ற தனியார் நிறுவனம் நடத்தும் ஸ்டூவர்ட் தடுப்பு மையம் 2006 முதல் குடிவரவுக் கைதிகளை ஏற்றுவருகிறது. குடிவரவு நீதிமன்றமும் அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. காவலும் தீர்ப்பும் ஒரே வேலிக்குள் அமைந்துவிட்டதால், வெளியுலகத்துக்கு அங்கே நடப்பதைக் காணும் வாய்ப்பு அரிது. தங்க இடமில்லாமலும் வழி தெரியாமலும் அவ்வளவு தூரம் வரும் குடும்பங்களுக்காக ‘எல் ரெஃபூஜியோ’ என்ற தொண்டமைப்பு 2010 முதல் அந்த ஊரில் ஒரு வீட்டை நடத்துகிறது. அங்கே படுக்கையும் உணவும் இலவசம். வருவோர் இல்லாத கைதிகளைத் தொண்டர்களே போய்ப் பார்க்கின்றனர். ஒரு வீடு, சில கட்டில்கள், வாரந்தோறும் வரும் சில மனிதர்கள் என்ற அளவில் இது மிகச் சிறிய ஏற்பாடுதான் என்றாலும், பல பக்கச் சீர்திருத்த அறிக்கைகள் செய்யாத ஒன்றை இது செய்திருக்கிறது: அடைக்கப்பட்டவரைத் தேடி ஒருவர் வந்தார் என்பதை மையத்தின் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறது. கேட்க ஆளுண்டு என்று தெரிந்த கைதியை அலட்சியமாக நடத்துவது எந்தச் சிறையிலும் சற்றுக் கடினம்.

சந்திப்பு நடைபெறும் முறை மையத்துக்கு மையம் வேறுபடும். 2011-ஆம் ஆண்டின் ஐஸ் தரவிதிகள், அவை நடைமுறையில் உள்ள மையங்களில், உறவினர் சந்திப்புக்குக் குறைந்தது 30 நிமிடம் தரச் சொல்கின்றன. வழக்கறிஞர் சந்திப்புக்கு வாரத்தின் ஏழு நாளும் வாய்ப்பு இருக்க வேண்டும். பல இடங்களில் தடித்த கண்ணாடிக்கு இருபுறமும் அமர்ந்து தொலைபேசிக் குழலில் பேச வேண்டும். பிள்ளையைத் தொட முடியாது. இந்தச் சிறிது நேரத்தை அழுகைக்கே விட்டுவிடாமல், உடல்நிலை, மருந்து கிடைக்கிறதா, எந்தத் தாளில் கையொப்பம் கேட்டார்கள், அடுத்த விசாரணை எந்த நாள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, வெளியே வந்தவுடன் தேதியிட்டு எழுதி வைக்கும் குடும்பம் பின்னாளில் வழக்கறிஞருக்குப் பேருதவி புரிகிறது. தானாக நாட்டைவிட்டு வெளியேற ஒப்புக்கொள்ளும் தாளில், சோர்வினாலோ தனிமையினாலோ, பொருள் விளங்காமல் கையொப்பமிட்டோரும் உண்டு. அதைத் தடுக்கப் பல வேளைகளில் ஒரு சந்திப்பே போதுமானதாக இருந்திருக்கும்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டி உறவினர் சந்திப்புகள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட காலத்தில், எஞ்சிய ஒரே இழை தொலைபேசிதான். அப்போது மாதம் 520 நிமிட இலவச அழைப்பு அளிக்கப்பட்டது. 2024-இல் அந்தச் சலுகையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அழைப்புக் கட்டணத்துக்கும், உள்ளே இருக்கும் கடையில் சோப்பும் நூடுல்சும் வாங்குவதற்கும், குடும்பம் கைதியின் கணக்கில் பணம் போட வேண்டியிருக்கிறது. உள்ளே சமையல், துப்புரவு வேலை செய்பவருக்கு ஒரு நாளுக்கு 1 டாலர் என்பதே விதிகள் வகுத்த குறைந்த அளவு. உறவினருடனான அழைப்புகள் பதிவு செய்யப்படலாம் என்பதால், வழக்கின் நுட்பங்களைத் தொலைபேசியில் பேசாதிருப்பது நல்லது. ‘ஃப்ரீடம் ஃபார் இமிகிரன்ட்ஸ்’ என்ற அமைப்பு கைதிகளுக்காக நடத்திவந்த இலவசத் தொலைபேசி இணைப்பு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்ற சில நாள்களில், 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்டதும், 2020 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்ததும், குரல் வெளியே வருவதை இந்த ஏற்பாடு எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்குச் சான்று.

குடும்பத்தின் உழைப்பு மிகுதியும் தேவைப்படும் இடம் பிணை விசாரணை. சட்டப்படி பிணைத்தொகை 1,500 டாலருக்குக் குறையாது. பெரும்பாலும் அதைப் பல மடங்கு தாண்டும். ஐஸிடம் நேரடியாகக் கட்டும்போது, குற்ற வழக்குகளில் செய்வதுபோல ஒரு பங்கை மட்டும் கட்டிவிட்டு வெளியே வர இயலாது, முழுத்தொகையையும், நாட்டில் சட்டப்படி வாழும் ஒருவர், கட்டியாக வேண்டும். விசாரணைகளுக்கெல்லாம் தவறாது வந்தால் வழக்கின் முடிவில் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். அடைக்கப்பட்டவர் ஓடிவிட மாட்டார், பிறருக்கு ஆபத்தானவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் மீதே சுமத்தப்படுவதால், நிலையான முகவரி, வரி கட்டிய தாள்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், மருத்துவக் குறிப்புகள், முதலாளியும் கோயில் அல்லது தேவாலயத்தாரும் கையொப்பமிட்டு எழுதிய கடிதங்கள் யாவும் வேண்டும். உள்ளே இருப்பவரால் இவற்றில் ஒன்றையும் திரட்ட முடியாது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் எனில், கிராம சேவகர் கடிதம், பிறப்புச் சான்றிதழ், காணாமற்போன உறவினர் பற்றிய முறைப்பாட்டின் படி எனத் தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிச்சான்றும் இணைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம் அதை ஏற்க மறுக்கலாம்.

இந்தக் கதவையும் அடைக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. அனுமதியின்றி எல்லை கடந்து வந்த எவரும், பல்லாண்டுகளாக நாட்டுக்குள் வாழ்ந்திருந்தாலும், பிணை கேட்க முடியாது என்ற நிலைப்பாட்டை 2025 ஜூலையில் ஐஸ் மேற்கொண்டது. செப்டம்பரில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் அதையே உறுதி செய்தது. பல கூட்டாட்சி நீதிபதிகள் இந்த விளக்கத்தை ஏற்க மறுத்து, ஆட்கொணர்வு மனு வழியே விசாரணைக்கு உத்தரவிட்டனர். ஆட்கொணர்வு மனு என்பது ஒருவரை அடைத்துவைத்ததற்கான சட்டக் காரணத்தை நீதிமன்றத்தின் முன் வைக்குமாறு அரசைப் பணிக்கும் பழமையான வழி. அந்த வழியும் முழுதாகத் திறந்திருக்கவில்லை என்பதற்குக் காட்டாக நிற்பது ஒரு தமிழரின் வழக்கே. 2017-இல் மெக்சிகோ எல்லை கடந்து கலிஃபோர்னியாவில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், ‘விரைவு வெளியேற்றம்’ என்னும், நீதிபதியின் முழு விசாரணை இன்றி அதிகாரிகளே திருப்பி அனுப்பும் முறையை எதிர்த்து வழக்காடினார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தகையோரின் குடும்பங்கள் மற்றொன்றிலும் விழிப்பாக இருக்க வேண்டும். சொந்த நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி உண்டு. ஆனால் அந்த நாட்டு அரசுக்கு அஞ்சியே புகலிடம் கேட்பவருக்கு அதே தூதரகத்தை அழைப்பது தீங்காக முடியலாம். வழக்கறிஞரைக் கேட்காமல் உறவினர்கள் இதில் முந்தக்கூடாது.

இவை எல்லாவற்றிலும் கொடியது, வருகையாளர் சாளரத்தில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்ற எளிய விதி. உரிய ஆவணமில்லாத மனைவியோ தாயோ தன்னையும் பிடித்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் அந்த வாசலுக்குப் போவதே இல்லை. கணவனோ மகனோ எத்தனை மாதம் உள்ளே இருந்தாலும் அவர்களுக்குத் தொலைபேசிக் குரல் மட்டுமே வாய்க்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவருக்கு அந்த அச்சம் இல்லை. நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் ஜார்ஜியாவிலும் டெக்சாஸிலும் குடியுரிமையோடு வாழும் தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களில் ஒருவர் தம் ஊருக்கு அருகிலுள்ள வருகையாளர் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால், போக முடியாத ஒரு தாயின் இடத்தில் போய் அமரலாம். தமிழ்ச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களில் சிலரை மொழிபெயர்ப்புக்கும், சிலரைப் பிணைத்தொகை திரட்டுவதற்கும், சிலரை இந்தச் சந்திப்புக்கும் ஆயத்தப்படுத்த வேண்டும். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.