ஊராரே நடத்தும் இணையம்

கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் தனி ஒருவருக்குச் சொந்தமன்று. நீர் பாய்ச்சுவோர் அனைவரும் அதனைப் பேணக் கடமைப்பட்டவர்கள். இணையத்தையும் இவ்வாறே ஊர்ப் பொதுவாக நடத்தலாகுமா? ஆகும் என்பதற்கு ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியாவில் ஒரு சான்று உண்டு.

பார்சலோனா நகருக்கு வடக்கே உள்ள ஓசோனா வட்டாரத்தில் விவசாயமும் பன்றி வளர்ப்பும் மிகுதி. பண்ணை வீடுகள் வயல்களினூடே சிதறிக் கிடப்பதால், அங்கு விரைவான இணைப்புத் தரக் கம்பெனிகள் முன்வரவில்லை. 2004-ம் ஆண்டில் ராமோன் ரோகா என்பவரும் அண்டை அயலாரும் தத்தம் கூரைகளில் ஆன்டெனா நிறுத்தி, வீட்டுக்கு வீடு ரேடியோ அலை வழியே இணைப்பை ஏற்படுத்தினர். 'கிஃபி.நெட்' என்னும் அவ்வமைப்புக்கு 2008-ல் ஓர் அறநிலையம் அமைந்தது. 2009 முதல் கூர்ப் கிராமத்தில் பண்ணைகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பியும் இடத் தொடங்கினர். இந்த வலையில் இணைந்த கணுக்கள் 30,000-க்கும் மேற்பட்டவை.

இதற்கு அடித்தளம் ஓர் எழுத்து உடன்படிக்கையாகும். பிறர்க்கு இடையூறின்றி எவரும் வலையைப் பயன்படுத்தலாம். அது இயங்கும் விதத்தை அறியலாம். அதே நிபந்தனைக்கு உட்பட்டுத் தம் செலவில் அதனை நீட்டலாம். நீட்டிய பகுதியும் பொதுவலையில் சேர்ந்துவிடும்.

பொதுச் சொத்தென்றால் பார்ப்பாரற்றுப் போகும் என்பதை நாம் நன்கு அறிவோம். மராமத்துக்கு வராத குடும்பமும் மடையில் முதலாவதாக நிற்பதுண்டு அல்லவா? கிஃபி.நெட்டார் இதற்கும் வழி கண்டுள்ளனர். அவ்வலையின் மூலம் சேவை விற்றுப் பிழைப்போர் பலர். அவர்களுள் யார் எவ்வளவு பயன்படுத்தினார், யார் எவ்வளவு முதலீடும் பராமரிப்பும் செய்தார் என்று அறநிலையம் கணக்கெடுக்கின்றது. மிகுதியாகப் பயன்படுத்தியவர் ஈட்டுத்தொகை செலுத்த, மிகுதியாகச் செலவிட்டவர் அதனைப் பெறுகின்றார். நம் கருத்தில், அந்த அமைப்பு நிலைத்து நிற்பதற்கு ஆன்டெனாவைவிட இந்தப் பேரேடே பெரிதும் காரணமாகும்.

இனி, கருவிகளைப் பற்றிச் சிறிது. இணைப்பைப் பங்கிடும் ரௌட்டர் என்னும் பெட்டிக்குள் அதனை இயக்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. அது மூடி முத்திரையிட்டதாயின், பெட்டி நம்முடையதாயினும் ஆட்சி செய்தவனுடையதே. லிங்க்சிஸ் கம்பெனி 2002-ன் இறுதியில் வெளியிட்ட ஒரு ரௌட்டரில் லினக்ஸ் என்னும் பொது நிரல் இருந்தது. அதனைப் பயன்படுத்தி விற்போர் மூல நிரலையும் தரவேண்டும் என்பது லினக்ஸின் உரிம நிபந்தனை. பிறர் இதனைச் சுட்டிக்காட்டவே, 2003-ல் கம்பெனி மூல நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' பிறந்தது. இன்று பல கம்பெனிகளின் ரௌட்டர்களிலும் இதனை ஏற்றிக்கொள்ளலாம். பார்சலோனாவின் சான்ட்ஸ் பகுதியில் ஓடும் கிஃபி.நெட் கிளையும் இதன்மேல் கட்டிய நிரலையே கொண்டுள்ளது. கட்டணமும் இல்லை, பழுது நேர்ந்தால் செய்தவனுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இந்த ஏற்பாட்டை அப்படியே நம்மூரில் நட்டுவிட இயலாது. இணையச் சேவை விற்க இங்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். கிஃபி.நெட் அறநிலையமும் அந்நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றதே. ஆயினும் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம்.வாணி திட்டத்தின்படி, ஒரு பெட்டிக் கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொதுமக்களுக்கு வைஃபை வழங்கலாம்.

பாரத்நெட் திட்டத்தின் வாயிலாகக் கண்ணாடி இழைக் கம்பி பஞ்சாயத்துகளை நாடி வருகின்றது. அதிலிருந்து பள்ளிக்கோ நூலகத்துக்கோ இணைப்பை நீட்டப் பொதுப் பணத்தில் கருவி வாங்கும் அங்கத்தினர்கள், விலைப்புள்ளி கேட்கும்போதே சிலவற்றை எழுதி வாங்குதல் நலம். நிர்வாகக் கடவுச்சொல் பஞ்சாயத்து வசம் ஒப்படைக்கப்படுமா, திறந்த மூல நிரலை அதில் ஏற்ற இயலுமா, விற்றவர் தொழிலை விட்டுவிட்டால் வேறொரு மெக்கானிக் அதனைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்பன அவை.