கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர்

கோண்டாவிலிலுள்ள எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு அப்பால், ஓலை வேய்ந்த கொட்டிலொன்றிலே, 1954 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்கின்றது. என் தந்தையார் 1962 இல் அதனை இரண்டாங் கையாக வாங்கினார். 2011 இல் அவர் காலமான பின்னர், ஆண்டுக்கு இரண்டொரு முறை மட்டுமே அது வெளியே வந்தது. கடந்த நான்கு ஆண்டுகளாக அதுவுமில்லை. அதனை வைத்திருப்பதா, விற்பதா என்ற கேள்வி சென்ற தை மாதத்திலே எங்கள் குடும்பத்தில் எழுந்தது. எழுந்த கேள்வி ரொறன்ரோவிலும் இலண்டனிலுமுள்ள என் தம்பிமார் வரை சென்று, ஒரு வழக்காகவே முற்றிவிட்டது. வாசகர்களுள் பலர் வீட்டிலும் இத்தகைய வழக்கு ஒன்று கிடக்கக்கூடும். காராக இல்லாவிடில் அது தையல் இயந்திரமாகவோ, பாட்டியின் பெட்டகமாகவோ இருக்கும்.

இந்தக் காரின் பிறப்பைப்பற்றி ஒரு கதையுண்டு. 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த மொறிஸ் மைனரை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். மாதிரி வண்டி செய்து முடிந்த பின்னர், அதன் அகலம் போதாதென்று அவருக்குத் தோன்றிற்று. வண்டியை நடுவே நெடுக வெட்டுவித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூட்டியபோது அவர் மனம் நிறைந்தது. முன்மூடியின் நடுவே ஓடுகின்ற தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் தழும்புதான். முன்னரே செய்து குவித்திருந்த பம்பர்களையும் நடுவே வெட்டித் துண்டு வைத்து நீட்டினார்களாம். பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியது இந்த வகையே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது தொகை 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

எங்களுடையது 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் உடையது. முன்கண்ணாடி இரு துண்டாக இருக்கும். திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து மஞ்சட் கையொன்று மேலெழுந்து திசை காட்டும். திறப்பைத் திருப்பியவுடன் பெற்றோல்ப் பம்பு 'டிக், டிக், டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். அந்த ஓசை ஓய்ந்த பின்னரே ஐயா ஸ்ராட்டரை இழுப்பார். பிள்ளைகளாகிய நாங்கள் பின்னிருக்கையில் இருந்து அந்த அடிகளை எண்ணுவோம்.

யாழ்ப்பாணத்திலே இவ்வகைக் கார்கள் ஏன் இத்தனை காலம் நிலைத்தன என்று வெளியூரார் வியப்பதுண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி சுருங்கிற்று. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடுவதன்றி வேறு வழியில்லை. 1977க்குப் பின் யப்பானிய வண்டிகள் வந்திறங்கியபோதும், எங்கள் தரிப்பிடங்களில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களுமே வாடகைக்கு நின்றன. பின்னர் 1990 ஆனியிலே போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. அப்போதுதான் இந்தப் பழசுகளின் அருமை தெரிந்தது.

இவற்றின் எஞ்சினுக்கு அமுக்க விகிதம் குறைவு. எங்கள் காரில் அது ஏறத்தாழ 7க்கு 1. ஆதலால் மண்ணெண்ணெயையும் அது ஒருவாறு சகித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே ஆவியாகாது, பற்றாது. எனவே சிறு போத்தலொன்றில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு, முன்புறத் துளையிலே இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். பற்றரியில் மிஞ்சிய சொற்ப மின்சாரம் பம்புக்கும் பொறிக்கும் போதுமாயிருந்தது. எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். பின்னால் வெண்புகை வேலிக்கு மேலாக எழும். ஏற்றத்திலே எஞ்சின் 'கட, கட' என்று தட்டும். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். ஐயா குச்சியை இழுத்து, விரலிலே தேய்த்து, முகர்ந்து பார்த்துத் தலையசைப்பார். அவர் கை ஐந்தாறு ஆண்டுகளுக்கு மண்ணெண்ணெய் மணத்தது.

(2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது எனக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்த ஆண்டு மண்ணெண்ணெயும் அல்லவா மறைந்துபோயிற்று!)

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவைப்பற்றி யாழ்ப்பாணத்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலிகாமத்திலிருந்து பல இலட்சம் மக்கள் ஒரே இரவில், மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். எங்கள் அப்பாச்சி அப்போது படுக்கையாய்க் கிடந்தார். அவரைப் பின்னிருக்கையிற் கிடத்தி, கால்மாட்டிலே அரிசியும் அடுக்குப் பானையும் வைத்து, ஐயா காரை எடுத்தார். ஒரு பாகம் நகர்வதும் நிற்பதுமாக இருந்தமையால் எஞ்சின் கொதித்தது. செம்மணி வெளிக்கு வருமுன்னரே ஐயா அதனை நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கை மட்டும் பிடித்துக்கொண்டார். நானும் முன்பின் அறியாத சில இளைஞரும் தள்ளினோம். சாவகச்சேரியை அடைந்தபோது மறுநாள் மதியம். அப்பாச்சி அடுத்த மாதம் மீசாலையில் ஓர் உறவினர் வீட்டிலே கண்மூடினார். அவருடைய வெற்றிலைச் சாயம் பின்னிருக்கையில் இன்றும் இருக்கிறது. எங்கள் வழக்கிலே தம்பிமார் முதற் சாட்சியமாக எடுத்துவைப்பது அதனைத்தான்.

இவ்வளவு மதிப்புடைய காரை நான் எப்படிப் பேணினேன்? சொல்ல வெட்கமாயிருக்கிறது. மழை படாமல் நிறுத்திவிட்டால் பாதுகாத்தாயிற்று என்று நினைத்தேன். சென்ற தையிலே தறப்பாளை விலக்கியபோது, முன்னிருக்கையிலே கோழி முட்டையிட்டிருந்தது. நாலு ரயரும் நின்ற பக்கம் தட்டையாகி வெடித்திருந்தன. தாங்கியில் எஞ்சிய பெற்றோல் பிசின்போற் களிபட்டிருந்தது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே சில்லுகளின் உள்ளே உருளைகள் துருவேறி இறுகியிருந்தன. பிறேக்கின் தலைமை உருளையோ சாரதியின் காலடியில், சட்டத்தின் உள்ளே ஒளிந்திருப்பது. அதனைக் கழற்றுவது பல் பிடுங்குவதிலும் கடினம். மின்கம்பிகளை எலி கத்தரித்திருந்தது. ஓடிய நாற்பது ஆண்டுகளில் வராத கேடு, நின்ற நான்கு ஆண்டுகளில் வந்துவிட்டது.

கொக்குவிலிலிருந்து ஐயாவின் பழைய மெக்கானிக்கை அழைத்து வந்தேன். எழுபதைக் கடந்தவர். எஞ்சின் மூடியை அவர் திறக்கவேயில்லை. நேரே சாக்கு விரித்துக் கீழே படுத்து, திருகாணிச் சாவியின் பிடியினால் அடித்தகடுகளைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'ணங்' என்றது. சில இடத்தில் 'பொத்' என்றது. ஓரிடத்தில் சாவியே உள்ளே சென்றுவிட்டது.

“எஞ்சின் பெரிசில்லை மாஸ்ரர். அதை எப்பவும் செய்யலாம். கீழ்த்தகடு போனால் கார் போச்சு” என்றார்.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். பாரவூர்தியைப்போல இக்காருக்குத் தனியான முழுச் சட்டம் கிடையாது. தரைத்தகடும் கதவடி விளிம்பும் சேர்ந்தே உடலைத் தாங்குகின்றன. அவை உக்கினால் மேலே எத்தனை பளபளப்பாய்ப் பெயின்ற் அடித்தும் பயனில்லை. எங்கள் காரிலே இடப்பக்க விளிம்பும் தரையின் ஒரு பகுதியும் போய்விட்டன. பின்வில்லுகள் பொருந்துமிடம் நன்றாயிருந்தது. “பின்பக்கம் போயிருந்தால் வித்துப்போடுங்கோ எண்டு சொல்லியிருப்பன்” என்றார் அவர்.

இங்கிலாந்திலே பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், 1982 இல் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். புதிய காரை வாங்கி அதன் விலை ஆண்டுதோறும் தேய்வதைப் பார்த்திருப்பதிலும், பழைய காரொன்றில் ஆண்டுதோறும் அளவாகச் செலவிட்டு ஓடுவதே இலாபம் என்பது அவருடைய கட்சி. 1990களில் அவர் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து இத்தீவிலேயே மொறிஸ் மைனர்த் தகடுகளைச் செய்வித்தார். இங்கே அடித்த தகடு கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்ற அக்காலத்தில், நாங்கள் தகரப் பீப்பாயை வெட்டி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தோம். அது போகட்டும். வெயரின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஆண்டுதோறும்' என்ற சொல்லிலே அக்கணக்கு முழுவதும் தங்கியிருக்கிறது. பத்தாண்டு மறந்திருந்துவிட்டு ஒரேயடியாகச் செலவிட வருபவனுக்கு அது பொருந்தாது.

இதனிடையே கொழும்பிலிருந்து ஒருவர் விலை கேட்டார். திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுபவராம். 2020 இல் இறக்குமதி தடைப்பட்டதிலிருந்து எந்தப் பழைய வண்டிக்கும் விலை ஏறியிருந்தது. அவர் சொன்ன தொகையைக் கேட்டு நான் இருமுறை மூச்சு வாங்கினேன். தம்பிமார் இருவரும் ஒரே குரலில், “அண்ணை, ஐயாவின்ரை காரை விக்கக்கூடாது” என்றார்கள். கடலுக்கு அப்பாலிருப்போருக்குப் பாசம் அதிகம் என்பதை நான் பல காரியங்களிற் கண்டிருக்கிறேன். விற்பதற்கும் உடனே வழியில்லை. பதிவு இன்னும் ஐயாவின் பேரிலேயே இருந்தது. வாரிசுப் பத்திரங்களைச் சரிசெய்யாமல் யாருக்கும் மாற்றிக் கொடுக்க இயலாது. பதினான்கு ஆண்டுகளாக அந்தக் காகிதங்களைக்கூட நான் தொடவில்லை.

அம்மாவின் கருத்தை யாரும் கேட்கவில்லை. 1962 இல் இக்காரை வாங்குவதற்கு அடகு போனது அவருடைய தாலிக்கொடி. அதனை மீட்க மூன்றாண்டு சென்றது. ஒருநாள் மாலை நான் கொட்டிலடியில் நின்றபோது, திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: “ஐயா ஓடேக்கைதான் அது கார். இப்ப அது கோழிக்கூடு. எனக்காகவெண்டு வைச்சிராதை. ஓடுறதெண்டால் வை, இல்லாட்டில் ஓடுறவனுக்குக் குடு.”

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். முழுதும் புதுப்பிப்பதற்கு என் ஓய்வூதியம் காணாது. எனவே இப்படித் தீர்மானித்தேன்: பெயின்றும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம், தரைத்தகடு, பிறேக், மின்கம்பி, ரயர் ஆகிய நான்கையும் மட்டும் செய்விப்பது. 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றபின் பழைய வால்வு இருக்கைகள் தேயுமென்பதால், எஞ்சினைப் பிரிக்கும் நாள் வரும்போது அதனையும் கவனிப்பது. பின்னர் ஓராண்டுக்கு வாரந்தோறும் காரை எடுத்து ஓடுவது. ஒரு மாதம் தவறினாலும் கொழும்புக்காரருக்குத் தொலைபேசி எடுப்பது. நெடுஞ்சாலையிலே தனியார் பேருந்துகளோடு போட்டியிட இக்காருக்கு வயதில்லை. உடுவிலுக்கும் நல்லூருக்கும் போய் வந்தாற் போதும். செலவை மூவரும் பகிர வேண்டுமென்று தம்பிமாருக்கு எழுதினேன். இலண்டன் தம்பி உடனே அனுப்பினான். மற்றவன் இன்னும் யோசிக்கிறான்.

ஒட்டுவேலைக்கு ஏழு வாரம் சென்றது. சென்ற வெள்ளிக்கிழமை அம்மாவை முன்னிருக்கையில் ஏற்றி, கோயில் வரை போய்வந்தேன். பம்பு ஓயும்வரை காத்திருந்தே ஸ்ராட்டரை இழுத்தேன், பதினொரு அடி. வலது மஞ்சட் கை எழவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கித் தம் கையையே நீட்டினார், அது இடப்பக்கம் என்பதைக் கவனியாமல். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் திகைத்து நின்றுவிட்டான்.

இரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது.

“என்ன அண்ணை, பெயின்ற் அடிச்சாச்சோ? படம் அனுப்புங்கோவன்.”

“இல்லைத் தம்பி” என்றேன். “பிறேக் பிடிக்குது.”