முதுகில் ஒட்டிய நாடா

இடுப்புப் பிடிப்பின் காரணங்களைச் சென்ற இதழில் பார்த்தோம். அதற்குப் பிசியோதெரபி நிபுணர்கள் கையாளும் உபாயங்களில் பார்வைக்கு மிகவும் பகட்டானதும், பிரயோசனத்தைப் பற்றி ஓயாத விவாதத்துக்கு இடமானதுமாகிய 'கினிசியோ டேப்' என்ற வர்ண நாடாவை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். 2012ஆம் வருஷம் வார்சாவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோலையும் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சிலையாக நின்ற இத்தாலிய வீரர் மாரியோ பாலொட்டெல்லியின் முதுகில் நீல நிறத்தில் மூன்று கோடுகள் தெரிந்தனவே, அவை இந்த நாடாக்கள்தாம்.

ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கிய இந்நாடாவில் மருந்து எதுவும் இல்லை. பருத்தியோடு மீள் இழைகளைச் சேர்த்து நெய்த துணியின் ஒரு பக்கத்தில் அக்ரிலிக் பசை அலை அலையாகத் தடவப்பட்டிருக்கிறது; இழுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும், விட்டால் சுருங்கும். நிறத்துக்கும் குணத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாயினும், கறுப்பே விசேஷமென்று கேட்டு வாங்குகிறவர்களை யார் தடுக்க முடியும்!

ஒட்டும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரோமமும் எண்ணெய்ப் பசையும் இல்லாதபடி தோலைச் சுத்தம் செய்து (எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு நேரே வருகிறவர் முதுகில் எந்த நாடாவும் நிற்காது), முனைகளை வட்டமாகக் கத்தரித்த நாடாவின் அடிப்பாகத்தைத் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின்மேல் இழுக்காமல் பதித்து, பிறகு நோயாளியை இயன்றமட்டும் முன்னால் குனியச் சொல்லி, விரிந்து நிற்கும் தோலின்மேல், முதுகெலும்பின் இரு மருங்கிலும் கடைசி விலா எலும்பின் மட்டம் வரை, மிகச் சொற்பமாகவே இழுத்து ஒட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளங்கையால் தேய்த்தால் அந்தச் சூட்டில் பசை இறுகுகிறது. அவர் நிமிர்ந்ததும் நாடா சிறு சிறு மடிப்புகளாகச் சுருங்குகிறது.

குனியும் சக்தி கூடியதா என்பதை அளக்க 1937இல் ஷோபர் என்ற ஜெர்மானிய வைத்தியர் வகுத்த சோதனை, பின்னாளில் திருத்தப்பட்ட வடிவில், இன்றும் வழங்குகிறது. இடுப்புக் குழிகளை இணைக்கும் கோட்டுக்கு மேலே 10 செ.மீ.யிலும் கீழே 5 செ.மீ.யிலும் மையினால் புள்ளி வைத்தால், அந்த 15 செ.மீ. தூரம் ஆரோக்கியமான இடுப்பில் குனியும்போது 20க்கு மேல் போகவேண்டும்.

நாடாவினால் என்ன கிடைக்கிறது? இடுப்பு நோவற்ற 30 பேரிடம் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2007இல் வெளியாயிற்று. நாடா ஒட்டியபின் முன்னால் குனிவது அதிகரித்தது, பின்னால் வளைவதிலும் பக்கவாட்டில் சாய்வதிலும் மாறுதல் இல்லை. மடிப்புகள் தோலைத் தூக்கி இரத்த ஓட்டத்துக்கு வழிசெய்கின்றன என்ற பழைய விளக்கமோ அவ்வளவு பலமாக நிற்கவில்லை. பிரேசிலில் நாட்பட்ட இடுப்புவலி கொண்ட 148 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு மடிப்பு விழும்படியும் மறு சாராருக்கு விழாதபடியும் ஒட்டிப் பார்த்ததில், வலியும் முடக்கமும் இரு சாராருக்கும் ஒரே மாதிரியே குறைந்தன. ஆகவே, தோலின் இடையறாத ஸ்பரிசம், குனியப் பயந்து முதுகை விறைப்பாக வைத்துக்கொள்பவருக்குச் சற்றுத் தைரியம் கொடுக்கிறது என்பதற்கு மேல் சொல்ல நான் துணியமாட்டேன். அந்தத் தைரியம் இருக்கும் மூன்று, நான்கு நாட்களில் குனிந்து நிமிரும் அப்பியாசத்தைச் செய்யாதவருக்கு நாடா வெறும் அலங்காரம்.

புண்ணோ தோல் நோயோ உள்ள இடத்திலும், காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தவருக்கும் இது ஆகாது. கால் மரத்துப்போய்ச் சிறுநீரும் கட்டுக்கடங்காமற் போனால், நாடாவைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரிப்பு எடுத்தால் மறுநாளை எதிர்பாராமல் நாடாவை எண்ணெயில் நனைத்து, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, ரோமம் படியும் திசையிலேயே மெல்ல உரித்துவிடுவது உத்தமம்.

(தொடரும்)