வலையொலி உரையாடலும் புத்தொழில் முயல்வோரும்

திருகோணமலையார்க்கு ஒலிபரப்பு புதிதன்று. ஜெர்மனி நாட்டு வானொலியாகிய ‘டொய்ச்ச வெல்ல’ 1980களில் இங்கு அஞ்சல் நிலையமொன்றை இயக்கத் தொடங்கியது. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வந்தது. உயர்ந்த கோபுரங்களும் பெருவலு மின்சாரமும் இன்றேல் அத்தகைய ஒலி கடல் கடவாது. ஒலிபரப்பும் வேளையிற் கருவியருகே இராதவன் அதனை இழந்தவனே. இவ்விரு தடைகளையும் நீக்கியது ‘பொட்காஸ்ட்’ எனப்படும் வலையொலி.

அதன் அமைப்பு எளிது. பதிவுசெய்த பேச்சு இணையத்திலே ஒலிக்கோப்பாக வைக்கப்படும். அதனோடு ‘ஆர்.எஸ்.எஸ்.’ எனும் சிறு பட்டியல் ஒன்றும் இருக்கும். அப்பட்டியலில் ஒலிக்கோப்பின் முகவரியையும் இணைக்கும் வழியை 2000ஆம் ஆண்டின் இறுதியில் வகுத்தவர் டேவ் வைனர் என்பார். கேட்பவரின் கருவி இடையிடையே பட்டியலை நோக்கி, புதிய பகுதி வந்திருப்பின் தானே இறக்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் வழங்கியது 2004இல். இலண்டன் ‘கார்டியன்’ இதழிற் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றில் அச்சொல் காணப்பட்டது. விநாடிக்கு 64,000 பிற்று அளவிற் பதிந்தால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 29 மெகாபைற்று அளவினதே. எனவே சிறு கைப்பேசியும் போதும்.

இக்கருவியை ஆர்வத்துடன் கைக்கொண்டோருள் இணையத்தளம் அமைப்போரும், ‘ஸ்டார்ட்அப்’ எனும் புத்தொழில் நிறுவனம் தொடங்குவோரும் அடங்குவர். காரணம் யாதெனின், அவர்தம் தொழிலறிவிற் பெரும்பகுதி நூலில் அடங்குவதன்று. உளி பிடிக்கும் முறையை நூல் கூறும். எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைத் தச்சனருகே நின்றவனே அறிவான். முதல் வாடிக்கையாளர் எவ்வாறு வந்தார், எதனைச் செய்யாது விட்டார்கள், எப்போது பணம் தீரும் நிலை வந்தது என்பன போன்ற வினாக்களுக்கு நேர்முக உரையாடலிலேதான் விடை பிறக்கும். வினவுவோரும் அத்தொழிலினராயின் பேச்சு ஆழமாகும். அல்லாதவிடத்து வெறும் புகழுரையாகிவிடும். பின்னையவை இன்று மலிந்திருப்பதையும் மறுத்தற்கில்லை.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த கிரீஷ் மாத்ருபூதத்தின் வரலாறு இவ்வகை உரையாடல்களிற் பலமுறை கேட்கப்படுவது. வீடு மாறுகையில் உடைந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு இழப்பீடு பெற அலைந்ததும், பின்னர் மென்பொருளொன்றின் விலையேற்றம் பற்றி இணையத்தில் ஒருவர் எழுதிய சிறு குறிப்பைக் கண்டதும் தம் முயற்சிக்குத் தூண்டுகோலாயின என்பர் அவர். 2010இற் சென்னையில் அவர் தொடங்கிய நிறுவனமே, பிற்காலத்தில் ‘பிரெஷ்வேர்க்ஸ்’ எனப் பெயர்பெற்று 2021 செப்டெம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. கதையின் சுவையான பகுதி இது. ஆயின் மாணவர் ஊன்றிக் கேட்கவேண்டியது வேறொன்று: அதற்குமுன் அவர் சிறீதர் வேம்புவின் நிறுவனத்திற் பல்லாண்டு பணியாற்றித் தொழில் பயின்றவர்.

1996இல் தொடங்கி இன்று ‘சோஹோ’ எனப்படும் அந்நிறுவனம் வெளியார் முதலீட்டை ஏற்காது வளர்ந்தது. பிரெஷ்வேர்க்ஸ் அதனை ஏற்று வளர்ந்தது. வேம்பு தென்காசிப் பகுதிக் கிராமத்திலே அலுவலகம் அமைத்தார். இலங்கையிற் சஞ்ஜீவ வீரவரண முதலியோர் 2005இல் நிறுவிய ‘டபிள்யூ.எஸ்.ஓ.2’, மூலநிரலை யாவர்க்கும் திறந்துவைத்து உலகச் சந்தையை அடைந்தது. ஒருவர் உரையை மட்டும் கேட்பவன் அதுவே ஒரே வழியென மயங்குவான். மூவரையும் கேட்பவனோ, தன் ஊருக்கும் தன் கைப்பொருளுக்கும் ஏற்பது எதுவென ஆராயத் தலைப்படுவான்.

வடிவமைப்பாளரின் உரை அரிதாகவே கிட்டுகிறது. அதன் பயனோ பெரிது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 தொடக்கம் முரசு அஞ்சலை உருவாக்கி வந்தார்; அப்பிள் கணினிகளில் உள்ள தமிழ் எழுத்துருப் பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘எம்.என்.’ அவர் பெயரின் முதலெழுத்துகளே. கொம்பும் காலும் திரையில் எவ்வளவு இடம் கொள்ளும் என்பது போன்ற நுட்பங்களை அத்தகையோர் வாய்மொழியாற் கேட்டல், எழுத்தைப் பயன்படுத்தும் எவர்க்கும் பயன்தரும்.

வேறொரு குறையும் உண்டு. உரையாடலுக்கு அழைக்கப்படுவோர் பெரும்பாலும் வென்றவரே. அதே துணிவோடு அதே வழியிற் சென்று வீழ்ந்தோர் ஒலிவாங்கியின் முன் வருவதில்லை. துறைமுகத்தை வந்தடைந்த கப்பல்களை மட்டும் எண்ணிக் கடலின் இயல்பைக் கணிப்பதற்கு இஃது ஒப்பாகும்.

கலிபோர்னியாவிலோ சென்னையிலோ பேசுவோர் திருகோணமலையின் வினாக்களுக்கு விடை கூறார். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் வருவர். வாடைக்காற்று எழுந்தபின் கடற்கரை வெறிச்சோடும். அவ்விடுதிக்குப் பதிவுத்தளம் அமைக்கும் இளைஞன் ஐந்து மாத வருவாயைப் பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வாறு பரப்புவான்? மும்மொழியில் எழுதவேண்டிய தளத்துக்கு என்ன கூலி கேட்பான்? கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் கணினியியல் கற்று வெளியேறுவோர் கொழும்புக்குச் செல்வதா, இங்கேயே இருப்பதா எனத் தடுமாறுவது இவ்வினாக்களுக்கு முன்னோர் விடை கிடையாமையாலும் ஆகும். அவ்விடையை ஓரளவேனும் கண்டவர்கள் இவ்வூரிலேயே தொழில் செய்கின்றனர். அவர்தம் பேச்சைத் தமிழிற் பதிந்து வெளியிட வேண்டுவன ஒரு கைப்பேசியும், ஓசையடங்கிய அறையும், வினாக்களை முன்னரே எண்ணிவைத்த ஒருவருமே.