ஒரு சொட்டு ரத்தம்! ஊரையே காக்கும் காவல்!

தர்மபுரி மாவட்டம் இண்டூரிலிருந்து ஒரு வாலிபர் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். பொங்கலுக்கு ஊர் திரும்புகிறார். மூன்றாம் நாள் குளிர், நடுக்கம், கடும் காய்ச்சல்!

"அலைச்சல்தான் கண்ணு. கஷாயம் குடிச்சாச் சரியாப் போயிடும்" என்கிறார் தாய்.

இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். அது மலேரியாவாக இருந்தால்?

கொசு செய்யும் வேலை

நோயாளியைப் பெண் அனாபிலிஸ் கொசு கடிக்கிறது. அவருடைய ரத்தத்தோடு கிருமியும் கொசுவின் வயிற்றுக்குள் போகிறது. சுமார் 10 முதல் 14 நாட்களில் அங்கே முற்றிவிடுகிறது. பிறகு அந்தக் கொசு யாரைக் கடித்தாலும் அவருக்கும் நோய் வரலாம். கொசுவின் வயிற்றுக்குள் கிருமி வளரும் ரகசியத்தை 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தவர் டாக்டர் ரொனால்டு ராஸ்.

ஆகவே, ஒருவருடைய காய்ச்சல் அவரோடு நிற்பதில்லை. தெருவுக்கே ஆபத்து!

கதவைத் தட்டிய ஊழியர்

நாடு விடுதலை பெற்ற காலத்தில், இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7½ கோடிப் பேரை மலேரியா வாட்டியது. 8 லட்சம் பேர் மாண்டார்கள். 1953-ல் அரசாங்கம் போரைத் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது.

அடுத்து வந்தது கண்காணிப்பு. மலேரியா ஊழியர் 15 நாளைக்கு ஒருமுறை வீடு வீடாக வருவார். "யாருக்காவது காய்ச்சல் உண்டா?" என்று கேட்பார். இருந்தால், விரல் நுனியில் ஊசியால் குத்துவார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்கு அனுப்புவார்.

பலன் என்ன? 1965-ல் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள்!

அயர்ந்தால் ஆபத்து

நோய் ஒழிந்தது என்று எண்ணிக் காவல் தளர்ந்தது. மருந்துக்கும் கொசு பழகிவிட்டது. 1976-ல் நோயாளிகள் 64 லட்சம்!

இலங்கையின் கதையும் இதுதான். அங்கே 1963-ல் 17 பேருக்குத்தான் மலேரியா. 1969-ல் 5 லட்சத்துக்கு மேல்! ஆனால் இலங்கை பாடம் கற்றது. காய்ச்சல்காரர் ஒருவரையும் விடாமல் சோதித்தது. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

ஆப்பிரிக்காவின் துயரம்

2023-ல் உலகில் மலேரியாவால் மாண்டவர்கள் சுமார் 6 லட்சம் பேர். நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்க நாட்டவர். பெரும்பாலோர் 5 வயது நிரம்பாத பச்சிளங் குழந்தைகள்! அங்கும் கிராம ஊழியர்கள் விரல் நுனி ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடுகிறது. கிருமி இருந்தால் உடனே மாத்திரை.

நாம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் மலேரியா இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. 2030-க்குள் நாடு முழுவதும் ஒழிப்பது இந்தியாவின் குறிக்கோள். இந்த நேரத்தில்தான் காவல் அதிகம் வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சலா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சோதனை இலவசம். மாத்திரையும் இலவசம். எங்கே போய் வந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒருவகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, பல மாதம் கழித்தும் தலைகாட்டும்! டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளையும் கொசு புகாமல் மூடி வைக்க வேண்டும்.

கஷாயம் கொடுக்கும் தாய் அதைக் கொடுக்கட்டும். ஆனால், அதற்கு முன் மகனைச் சோதனைக்கு அழைத்துச் செல்லட்டும். அவன் கொடுக்கும் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காப்பாற்றும்!