நிலக் கிரயம்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் தாலுகாக்களில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், குளத்துப் பாசன நஞ்சையும் பருத்திப் புஞ்சையும் கைமாறி வருகின்றன. ஒரு குடியானவர் பல வருஷ உழைப்பால் சேர்த்த பொருளை ஒரே நாளில் பிறர் கையில் கொடுத்து, அதற்கீடாக முதலில் பெறுவது சில காகிதங்களே. அக்காகிதங்களுள் எது எதற்கு ருசு என்பதை அறியாமல், நிலமும் பணமும் ஒருங்கே இழந்து கோர்ட்டு வாசலில் காலங் கழிப்போர் உண்டு. ஆகவே, இவ்விஷயத்தில் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றிற்குரிய விடைகளும் கீழே தரப்படுகின்றன.

1. விற்பவர் பெயரில் பட்டா இருந்தால் போதாதா?

போதாது. பட்டா என்பது தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக ரெவினியூ இலாகா வைத்திருக்கும் கணக்கு. அது அநுபோகத்துக்கு ஓர் ஆதரவு ஆகலாம். பாத்தியதையைத் தானாக உண்டாக்காது என்று கோர்ட்டுகள் பலமுறை தீர்ப்பளித்துள்ளன. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய கணக்குகள் எழுதப்பட்டபோது, பெயரோ விஸ்தீரணமோ பிசகிய இனங்களும் உண்டு. ஆதலால் மூலப் பத்திரம் தொடங்கி, கிரயம், பாகப் பிரிவினை, செட்டில்மெண்டு, உயில் என்று ஒவ்வொரு கண்ணியும் அறாமல் இன்றைய உடையவர் வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், பின்னர் இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தது. 1985-ல் பிரிந்த புது மாவட்டமே இன்றைய விருதுநகர் மாவட்டம். எனவே பழைய பத்திரத்தில் ஜில்லாவின் பெயர் வேறாக இருப்பது குற்றமன்று. பழைய சர்வே நம்பர் எந்தப் புது நம்பராயிற்று, எந்த உட்பிரிவில் அடங்கிற்று என்பதே கவனிக்கத் தக்கது.

2. வில்லங்க சர்டிபிகேட்டில் ஒன்றும் இல்லையெனில் நம்பி வாங்கலாமா?

மனுவில் குறித்த சர்வே நம்பருக்கு, குறித்த காலத்துக்குள் பதிவான தஸ்தாவேஜுகளை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயிலையோ, எழுத்தின்றி இருக்கும் வாரிசுகளின் பங்கையோ, வாய்மொழிக் குத்தகையையோ அது காட்டாது. நிலத்தில் வேறொருவர் பயிரிட்டு வருவாராயின், 1955-ம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கக்கூடும். அடங்கலையும் நிலத்தையும் நேரில் பார்த்தால் இது வெளிப்படும். வழக்கு நடக்கும் சொத்தை வாங்கியவர், தாம் கட்சிக்காரராக இல்லாவிடினும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே ஆவார்.

3. ரிஜிஸ்டர் ஆன பின்பு பயமுண்டா?

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி ரூ.100-ம் அதற்கு மேலும் பெறுமான ஸ்தாவர சொத்தின் விற்பனை, பதிவான பத்திரத்தாலேயே நிறைவேறும். எழுதிக் கையெழுத்திட்ட 4 மாதத்துக்குள் அதைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். பதிவு இன்றியமையாதது, ஆயினும் அதுவே பாத்தியதைக்கு உத்தரவாதமன்று. விற்பவருக்குச் சொந்தம் உண்டா என்று ஆராயும் அதிகாரத்தை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் கூறியது. தம்மிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்குத் தர முடியாது. பதிவு முத்திரையும் அதைத் தராது.

பவர் பத்திரம் மட்டும் எழுதிக்கொண்டு நிலத்தை வாங்கியதாக எண்ணுவதும் பிசகு. அத்தகைய பத்திரம் சொந்தத்தை மாற்றாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் தீர்ப்பளித்தது.

4. முன்பணம் கொடுத்து எழுதும் கிரய உடன்படிக்கையின் பலம் என்ன?

உடன்படிக்கை நிலத்தைச் சொந்தமாக்காது. கிரயம் எழுதிக் கேட்கும் உரிமையையே தரும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அதையும் பதிவு செய்வது கட்டாயம். குறித்த தேதியிலிருந்து, தேதி குறிக்காவிடில் எதிரி மறுத்தது தெரிந்த நாளிலிருந்து, 3 வருஷத்துக்குள் வழக்கிட வேண்டும்.

5. யார் யார் கையெழுத்திட வேண்டும்?

அதிக வழக்குகளுக்கு வித்து இதுவே. பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத்துத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005-ம் வருஷத்துத் திருத்தமும் இதைத் தந்தன; தகப்பனார் 2005-க்கு முன்பே காலஞ்சென்றிருப்பினும் மகளின் பங்கு அழியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தெளிவாக்கியது. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரியை விட்டுவிட்டு, சகோதரர்கள் மாத்திரம் எழுதிக் கொடுத்த கிரயத்தை வாங்குவது ஆபத்து. இந்து மைனரின் தனிச் சொத்தைக் கோர்ட்டு அனுமதியின்றிக் கார்டியன் விற்றால், மைனர் மேஜரான பின் 3 வருஷத்துக்குள் அதை ரத்துச் செய்யக் கோரலாம்.

6. விற்கத் தடையுள்ள நிலங்கள் எவை?

கோயில் நகரமாகிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் இக்கேள்வி முக்கியமானது. கோயில் நிலத்தை, 1959-ம் வருஷத்துச் சட்டப்படி, அறநிலையக் கமிஷனரின் அனுமதியின்றி விற்றால் அவ்விற்பனை செல்லாது. ஆதிதிராவிடருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலமும், பூதான நிலமும் தம் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. மலையடிவாரத்தில் 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கிய நிலமாயின், விற்க முன் அனுமதி வேண்டும். கிராம ‘அ’ பதிவேட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாகாது.

7. கிணறும் பாதையும் நிலத்தோடு சேர்ந்து வருமா?

தோப்பின் உயிர் தண்ணீரே. கிணறு வேறு சர்வே நம்பரில் இருந்து, அதில் பங்குதாரர் பலராயின், அப்பங்கைத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, இறைப்பு முறை நாட்கள், மோட்டார் ரூமும் மின் இணைப்பும், வாய்க்கால், வண்டிப் பாதையின் அகலம் ஆகியவற்றைச் சொத்து விபரத்தில் விட்டுவிட்டால், நிலம் கிடைத்தும் நீர் கிடைக்காமற் போகும். நான்கெல்லையையும் சர்வே வரைபடத்தையும் ஒப்பிட்டு, கிரயத்துக்கு முன்பே அளந்து கல் காணுதல் நன்று. 1 ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 செண்டு. இக்கணக்கில் செய்யும் பிசகு பின்னர் வரப்புச் சண்டையாக முளைக்கும்.

8. செலவு எவ்வளவு?

2023-ல் பதிவுக் கட்டணம் 4 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வை 5, மாற்று வரி 2 சேர்த்து மொத்தம் 9 சதவிகிதமாயிற்று. தொகையைக் குறைத்து எழுதினால், கிரயம் முறியும்போது எழுதாத பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது.

விற்போருக்கும் கடமை உண்டு. தமக்குத் தெரிந்த பாத்தியதைக் குறைவை மறைக்கலாகாது; கிரய தேதி வரையிலான தீர்வையையும் அவரே செலுத்த வேண்டும். முழுத் தொகையும் கைக்கு வருமுன் பெற்றதாகக் கையெழுத்திடலாகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் ‘அ’ பதிவேட்டையும் அடங்கலையும் கேட்போருக்கு விளக்கி, பட்டா மாறுதல் மனுவில் வாரிசுகளின் பெயர் விடுபடாமல் கவனிப்பின், ஊரில் பல விவாதங்கள் எழாமலே நின்றுவிடும். கிரயத்துக்கு முன் நல்ல வக்கீல் ஒருவரிடம் பத்திரங்களைக் காட்டிச் செலவிடும் சிறு தொகை, பின்னர் வழக்குக்குச் செலவிடும் பெருந்தொகையைக் காக்கும்.